பட்டிக்கு அடியில் இருந்த பள்ளம்

வலங்கைமான் பக்கத்து மிராசுதார் வீட்டில் ஓடிய பழைய அம்பாசடரை நான் விலைக்கு வாங்கிய நாளிலிருந்து அம்மா அதில் ஏறவே இல்லை. கேட்டால், "எனக்கு டவுன் பஸ்ஸே போதும்" என்பார்.

பொங்கலுக்குள் நானே பெயிண்ட் அடித்துவிடலாமென்று வண்டியை வாசலில் நிறுத்தி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். இடது மட்கார்டில் பழைய பட்டிப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் பெரிய பள்ளம்! "அடிபட்ட வண்டியை என் தலையில் கட்டிட்டானுங்க!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு வந்த அம்மா, பள்ளத்தில் கையை வைத்தபடி நின்றுவிட்டார்.

"கூலி கூட்டிக் கேட்டு ஸ்ட்ரைக் பண்ணுனோம். நடவுக்கு வெளியூர் ஆள் கூட்டியார மிராசுதார் இந்த வண்டியிலதான் கெளம்புனாரு. பொம்பளைங்க நாங்க ரோட்டுல படுத்துட்டோம். 'ஏத்துடா'ன்னு அவரு கத்துறாரு. டிரைவர் வண்டிய ஒடிச்சு மதகுச் சுவத்துல மோதிட்டாரு. மொத ஆளாப் படுத்திருந்தவ நான். நீ வயித்துல ஏழு மாசம்."

"அந்த டிரைவர் யாரும்மா?"

"அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. பேருகூடத் தெரியாதுப்பா."

இரண்டு கை கொள்ளும் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். அது விழுந்ததால்தான் நான் இருக்கிறேன்.

வண்டி முழுக்கப் பட்டி பார்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பாமல் அப்படியே பெயிண்ட் அடித்தேன். முன்பெல்லாம் ரோட்டில் மறியல் என்றால் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன். இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நிற்கிறேன்.