எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு முழம்

மலேசியாவின் ரெங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் புல் வெட்ட நகராட்சி அனுப்பும் ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் புல் துணுக்கு. எல்லைக் கல் வந்ததும் மெஷினை நிறுத்தி, பூட்சால் தரையில் ஒரு கோடு கிழிப்பார். அதைத் தாண்ட மாட்டார்.

கல்லுக்கும் என் வேலிக்கும் இடையே ஒரு முழம் புல். அன்று காலை அதற்குள் ஒரு நாகம் நுழைந்ததைப் பார்த்த என் மனைவி, பின்கதவையே திறக்கவில்லை.

"அதையும் ஒரு இழுப்பு இழுத்துடுங்களேன்," என்றேன்.

"அது உங்க நெலம், ஐயா. வரிப் பணத்துல வெட்டக் கூடாது. இன்னிக்குப் புல்லு, நாளைக்கு உங்க வீட்டுச் சட்டிபானையும் கழுவச் சொல்வீங்க லா."

நகராட்சிப் பதவியில் இருந்தபோது அந்த விதியை எழுதியவனே நான்தான். குளிர்சாதன அறையில் அது அப்பழுக்கற்ற விதியாகத் தெரிந்தது. அங்கே பாம்பு எதுவும் குறுக்கே வரவில்லை.

மதிய ஓய்வு வந்ததும் அவர் நகராட்சிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து பாராங் கத்தியை எடுத்தார்.

"மெஷின் கவர்மெண்டோடது. கத்தி என்னோடது," என்றவர், கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு அந்த ஒரு முழத்தையும் வெட்டித் தள்ளினார்.

ஓய்வு நேரத்தைப் பற்றி என் விதியில் ஒரு வரியும் இல்லை. எழுதிய அன்றே தோன்றியிருந்தால், நிச்சயம் இதையும் தடுத்திருப்பேன்.