ஆணியில் தொங்கிய என் தட்டு

மேஸ்திரி, என் பெயரை நீர் திருடினீர். பொருளைத் திருடியவன் ஒளித்து வைப்பான். நீர் என் பெயரை இன்னொருவன் தலையில் வைத்து மில்லுக்கு அனுப்பினீர். அவன் செய்த தப்பு என் தப்பு ஆனது. நான்கு மழைக்காலம் போய்விட்டது. நீர் இன்னும் வாய் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதத் தெரியும்.

ஜெர்மன் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ரங்கூனில் பசுண்டான் ஓடைக் கரையில் இருந்த பெரிய அரிசி மில் ஒன்றில் நான் பாய்லர் சுத்தம் செய்பவன். பாய்லருக்குள் தண்ணீர் கொதித்துக் கொதித்து உட்சுவரில் வெள்ளைக் காறை பிடிக்கும். நெருப்பை அணைத்து, ஆற வைத்து, ஆள் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, சுத்தியாலும் சுரண்டியாலும் அதைத் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாது. வாயைத் திறந்தால் தூள். ஒரு அடி அடித்தால் காதுக்குள் பத்து அடி கேட்கும். அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். பழைய எஞ்சினியர் துரை ஒருநாள் தலையை உள்ளே விட்டுச் சாவியால் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனிலிருந்து இவனுக்கு வருஷம் முழுக்க வேலை என்று சொன்னார். என் பெயரைப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். நீர் பக்கத்தில் கைகட்டி நின்றீர். மறந்திருக்காது.

பபேடான் பேட்டையில் மில் ஆட்களுக்காக நீர் வைத்திருந்த விடுதியில் அப்போது நாற்பது பேர். ஒரு ஷிப்டு எழுந்த பாயில் அடுத்த ஷிப்டு படுக்கும். அடுக்களைச் சுவரில் நாற்பது ஆணி, நாற்பது தகரத் தட்டு. தட்டின் விளிம்பில் அவனவன் ஆணியால் குத்திய அடையாளம் இருக்கும். என்னுடையது மூன்று புள்ளியும் ஒரு கோடும். மில்லிலிருந்து ஆள் கேட்டு வந்தால் நீர் முகத்தைப் பார்க்க மாட்டீர், சுவரைப் பார்ப்பீர். தட்டு தொங்கினால் ஆள் உண்டு. தட்டு இல்லையென்றால் ஊருக்குப் போய்விட்டான், இல்லை செத்துவிட்டான்.

மழைக்கு மில் மூடியது. மூடினால் உம் சோற்றைத் தின்றுகொண்டு உம் பாயில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தவன் சோற்றுக் கடனுக்கு அடுத்த வருஷமும் உம் ஆள். எனக்கு அது பிடிக்கவில்லை. சட்டகாங்காரப் படகோட்டி ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு அவருடைய பழைய சம்பான் படகை வாங்கினேன். மூங்கில் பாய்க் கூரை, ஓர் அடுப்பு, காலை நீட்டினால் பலகையில் இடிக்கும். அதுதான் வீடு. ஓடைகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன மில்கள் வந்துகொண்டிருந்த காலம். அவையும் மழையில்தான் பாய்லரைத் திறக்கும். கடல் தண்ணீர் ஓடையில் ஏறும் ஏற்றத்தில் ஒரு மில், இறங்கும் வற்றத்தில் ஒரு மில் என்று போய்க் கேட்டால் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

புறப்படும்போது தட்டைக் கழற்றப் போனேன். நீர் தடுத்தீர்.

"விடுடா, தொங்கட்டும். தட்டைக் கழட்டினா நீ என் ஆளு இல்லேன்னு ஆயிடும். துரை பாய்லரைத் திறக்கிறப்ப நெல்லுப் படகுல சொல்லி விடறேன். வந்து சேரு."

"மறக்க மாட்டீங்களே?"

"சுவத்தைப் பாத்தா ஞாபகம் வந்துட்டுப் போவுது. போடா, மீனைப் புடிச்சுத் தின்னுக்கிட்டுச் சொகமா இரு."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டை விட்டுவிட்டுப் போனேன். அங்கேதான் நான் முட்டாள் ஆனேன்.

படகில் வேலை தேடுவது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மில்லின் துறையில் கட்டினால் முதலில் நாய் வரும். பிறகு காவல்காரன் வருவான். பாய்லர் காறை தட்ட வேண்டுமா என்று கேட்க வேண்டும். பத்தில் எட்டு இடத்தில் வேண்டாம் என்பார்கள். வேண்டும் என்றால் மூன்று நாள் வேலை. முடிந்ததும் கயிற்றை அவிழ்க்க வேண்டும். நான் சுத்தம் செய்த பாய்லரில் நீராவி எழுந்து மில் ஓடுவதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அதற்குள் அடுத்த ஓடையில் இருப்பேன்.

சில வாரம் முழுக்கத் தமிழ் காதில் விழாது. சோறு வடிக்கும்போது பானையோடு பேசினேன். மழை கூரையில் விழும் சத்தத்தில் யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கும். வெளியே தலையை நீட்டினால் ஆற்றில் உமி மிதந்து போகும், அவ்வளவுதான். விடுதியில் அடுத்தவன் முழங்கால் முதுகில் குத்தும்போது எரிச்சல் வரும். படகில் அந்த முழங்காலுக்கு ஏங்கினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மழை முடியும் சமயம் கியாக்தானில் இருந்தேன். அங்கே ஆற்று நடுவே தீவில் பகோடா இருக்கிறது. அதற்குக் கீழண்டைப் பக்கம் படகைக் கட்டியிருந்தபோது காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. கும்பிட வந்தவர்கள் பொரி போட, கெளுத்தி மீன்கள் படகின் அடிப்பலகையில் மோதிக்கொண்டு திரியும். அந்தச் சத்தம் மட்டும் நினைவில் இருக்கிறது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. உம்மிடமிருந்து சொல் வரவில்லை. ஆனாலும் பாய்லர் திறக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று எனக்கே தெரியும். ஏற்றத்தில் படகை விட்டு, மறுநாள் காலை பசுண்டானில் பெரிய மில் துறையில் கட்டினேன். என் வேலைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். வாசலில் இருந்த காவல்காரர் நம்மூர்க்காரர். பெயரைச் சொன்னேன். அவர் எழுந்தே விட்டார்.

"அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு இங்க வர உனக்குத் தைரியம் இருக்கா? போர்டைப் பாரு."

கரும்பலகையில் என் பெயர் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. உள்ளே விடக்கூடாது என்று கீழே எழுதியிருந்தது.

"நான் இப்பத்தானய்யா வர்றேன்!"

"முந்தாநாளு பாய்லரைச் சுத்தம் பண்ணினவன் நீதான். தொடப்பத்தை உள்ள விட்டுட்டு வந்திருக்கே. அது கழிவுக் கொழாயில போயி அடைச்சு, மூட்டு பிச்சுக்கிட்டு, கொதி தண்ணி பாஞ்சு, அடுப்புல உமி தள்றவனுக்குக் கை வெந்து போச்சு. மில்லு நின்னு கெடக்கு."

"என் மொகத்தைப் பாருங்க. அவன் நானா?"

"பாய்லருக்குள்ள இருந்து வெளிய வர்றவனுக்கு மொகம் ஏதுய்யா? எல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சு. பேரு ஒண்ணுதான் தெரியும்."

என் வேலையைப் பார்த்த பழைய துரை அதற்குள் கப்பலேறிவிட்டார். புதிய துரைக்குப் புத்தகத்தில் இருந்த பெயர்தான் தெரியும். அவரைப் பார்க்க விடுங்கள் என்று கெஞ்சினேன். விடவில்லை.

இந்தத் தொழில் தெரிந்தவன் ஒருவனும் துடைப்பத்தை உள்ளே விடமாட்டான். இறங்கும் முன்பு சாமான்களை ஓட்டைக்கு வெளியே வரிசையாக வைத்துச் சத்தமாகச் சொல்வோம்: சுத்தி இரண்டு, சுரண்டி ஒன்று, துடைப்பம் ஒன்று, விளக்கு ஒன்று. ஏறியபின் மறுபடி சொல்வோம். தனி ஆளாக இருந்தாலும் சொல்வோம். படகில் கேட்க ஆளில்லாதபோதும் நான் சொன்னேன்.

நேரே விடுதிக்கு வந்தேன். காலைச் சோறு நேரம். என் ஆணி காலியாக இருந்தது. என் தட்டு ஒரு மனிதர் மடியில் இருந்தது. நாற்பது வயசு இருக்கும். கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத முகம். காது மடலில் இன்னும் காறை ஒட்டியிருந்தது. நான் தட்டைப் பார்ப்பதை அவர் பார்த்தார். சோற்றிலிருந்து கையை எடுத்துத் தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதே. இந்தத் தட்டுல சாப்புடு, இந்தப் பேரைக் கூப்ட்டா 'இருக்கேன்'னு சொல்லுன்னாரு. எனக்குப் பாய்லருன்னா என்னன்னே தெரியாது."

நீர் உள்ளறையிலிருந்து வந்தீர்.

"என்னடா சத்தம்?"

"என் பேரை ஏன் இவருக்குக் குடுத்தீங்க?"

"ஏன், உன் பேரு என்ன பட்டா போட்ட நெலமா? துரை அந்தப் பேருல ஆளு கேட்டாரு. ஆளு அனுப்பினேன். நீ எங்க இருந்தே?"

"கியாக்தான்ல, பகோடாவுக்குக் கீழ. காய்ச்சல்ல கெடந்தேன்."

"யாரு பாத்தா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாருடா பாத்தா? ஒருத்தன் பேரைச் சொல்லு."

"படகுல நான் மட்டுந்தானே..."

"அப்ப அந்தப் பகோடா கெளுத்தி மீனைக் கூட்டிக்கிட்டு வா, சாட்சிக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். ஒருவருக்கொருவர் சாட்சி சொல்ல அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு ஒருவர் இல்லை. நீர் ஏன் செய்தீர் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. உம் பாயில் படுக்காத ஒருவனுக்கு வருஷ வேலை கிடைத்தால் மற்றவர்களும் பாயைச் சுருட்டுவார்கள். அதற்காகத்தான் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஆற்றில் நான் போன இடமெல்லாம் துடைப்பம் முன்னால் போயிற்று. நெல்லுப் படகுகள் வேலைச் செய்தியைக் கொண்டு வராவிட்டாலும் இந்தச் செய்தியை நன்றாகக் கொண்டு போயின. கியாக்தானில் சின்ன மில் வைத்திருந்த பர்மிய அம்மாளுக்கு நான் ஒருமுறை வேலை செய்திருந்தேன். சந்தையில் பழகிய தமிழ் பேசுவார். என்னை "கோ பாய்லா" என்று கூப்பிடுவார், பாய்லர் அண்ணன் என்று அர்த்தம். அவரிடமும் போனேன்.

"கோ பாய்லா, நீ நல்ல வேலை செய்யுது. நான் பாத்தாச்சு. ஆனா என் எஞ்சின்காரன் பயப்படுது. உனக்கு யாரும் இல்லே? வந்து ஒரு பேச்சு சொல்ல யாரும் இல்லே?"

இல்லை என்றேன். சோறும் ஙப்பி மீன்விழுதும் கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை.

வேறு பெயர் வைத்துக்கொள் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தேன். தூரத்து ஓடை ஒன்றில் பொய்ப் பெயர் சொல்லிப் பாய்லருக்குள் இறங்கினேன். மேலேயிருந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அது நான் என்று உறைத்தது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடி பொய்ப் பெயர் சொல்லவில்லை. இப்போது படகுகளுக்குத் தண்ணீர் புகாமல் கீல் பூசுகிறேன். கீல் பூசுபவன் பெயரை யாரும் கேட்பதில்லை.

சென்ற மாதம், அன்று என் தட்டில் சாப்பிட்ட அந்த மனிதர் நான் படகு கட்டும் துறைக்கு வந்தார். உம் விடுதியில் இப்போது வேறு பெயரில் இருக்கிறார். படகில் ஏறவில்லை. துணியில் சுற்றிய என் தட்டைப் பலகைமேல் வைத்தார். "இதுல சோறு எறங்கலே தம்பி" என்றார். வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். ஊரில் நாலு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உம் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருவன் பெயரைக் கெடுத்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பங்குனி உத்திரத்தன்று நம் ஆட்கள் கூடும் கோயிலில் நீர் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பீர். விடுதி ஆட்கள் வருவார்கள், காவல்காரர் வருவார், கை வெந்தவரும் வருவார். நான் இந்தத் தட்டைக் கொண்டு வருகிறேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. அதைக் கையில் வாங்கி, எல்லோரும் கேட்கச் சொல்லும் மேஸ்திரி: அன்று இந்தத் தட்டில் சாப்பிட்டுவிட்டுப் பாய்லருக்குள் இறங்கியது யார்?