சச்சிதானந்தன் வீட்டுச் சால்மன்

“வாலை விரிச்சுக் காட்டும், பாப்பம்” என்றார் சச்சிதானந்தன்.

கனடாவின் அஜின்கோர்ட்டில் மீன் கடை வைத்திருக்கும் கிளிபோட், ஐஸின் மேல் கிடந்த மீனின் வாலை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். சச்சிதானந்தன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து புள்ளி தேடினார். வாலெல்லாம் கறுப்புப் புள்ளி இருந்தால் ட்ரவுட், வால் துப்புரவாக இருந்தால் வளர்ப்புச் சால்மன் என்று யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான். அந்த வெள்ளைக்காரனையும் அவர் முழுதாக நம்பவில்லை. வேறு இரண்டு பேரின் வீடியோக்களையும் பார்த்து, மூவரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று தெளிந்த பிறகே கடைக்கு வந்திருந்தார்.

புள்ளி இல்லை. செவுளைத் திறக்கச் சொன்னார். பிறகு ஒரு துண்டு வெட்டச் சொல்லி, வெட்டுமுகத்தில் ஓடிய வெள்ளைக் கொழுப்பு வரிகள் போதிய தடிப்பாக இருக்கின்றனவா என்று பார்த்தார். பின்னால் நின்ற பெண்மணி விட்ட பெருமூச்சு அவருக்குக் கேட்காமல் இல்லை. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அங்கிள், உது சால்மன்தான். உங்களுக்குப் பொய் சொல்லி எனக்கென்ன கிடைக்கப் போகுது?” என்றார் கிளிபோட்.

“எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறவை.”

சச்சிதானந்தனுக்கு எழுபது வயது. மில்லிக்கனில் வீடு. வேலை செய்த தொழிற்சாலை மூடிய பிறகு ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் வாசலில் செக்கியூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் அந்த வேலையால் வந்ததா, சந்தேகத்தைப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்களா என்று அவரை அறிந்தவர்கள் இன்னும் பட்டிமன்றம் வைக்கிறார்கள். கலியாண வீட்டில் இறைச்சிக் கறி வந்தால், எலும்பைப் புரட்டிப் பார்த்து ஆடா செம்மறியா என்று தீர்மானித்த பிறகுதான் வாயில் வைப்பார். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போனால் ஒரு செருப்பை ஒரு மூலையிலும் மற்றதை மறு மூலையிலும் கழற்றி விடுவார். கள்ளனுக்குச் சோடி கிடைக்கக் கூடாதாம். ஒருமுறை வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவே அவரை அழைத்து, உங்கள் அட்டையில் யாரோ கை வைக்கிறார்கள் என்று எச்சரித்தது. அந்த யாரோ நீர்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இந்த உலகத்தில் அவர் சோதித்துப் பாராமல் நம்புகிற ஒரே ஆள் மனைவி புனிதவதி. வெளியில் மழை என்று அவள் சொன்னால் யன்னலை எட்டிப் பாராமல் குடையை எடுப்பார். டொக்டர் எழுதித் தரும் குளிசையை ஏன், எதற்கு என்று குடைந்து எடுப்பவர், அதே குளிசையை அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டினால் பேசாமல் விழுங்குவார். “புனிதம் சொன்னவவோ? அப்ப சரி” என்று எந்த வழக்கையும் முடித்துவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் அவருக்கு ஓய்வு இருந்தது. நாள் முழுக்க முழித்துக்கொண்டிருக்கிற மனிதன் ஓர் இடத்திலாவது கண்ணை மூட வேண்டாமா?

ட்ரவுட்டின் கதை வேறு. பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவர் அவர். கடல் மீன் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்குக் குளத்து மீன் என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. கனடாவுக்கு வந்த புதிதில், கூட வேலை செய்த ஒருவர் ஏரியில் பிடித்த ட்ரவுட்டைச் சுட்டு அன்போடு நீட்டினார். சேற்று மணம் அடித்தது. சச்சிதானந்தன் அதைத் தாளில் துப்பி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்துச் சமாளித்தார். அன்றோடு, ட்ரவுட் என்றால் குளத்து மீன், அது தன் வீட்டு வாசல் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். ஸ்டீல்ஹெட் என்று ட்ரவுட்டில் ஒரு வகை இருக்கிறது, கடலுக்குப் போய் வருகிற சாதி அது, சதையும் சால்மன் மாதிரியே செம்மஞ்சள் என்று யாராவது விளக்க வந்தால், பெயரை மாற்றினால் மணம் மாறுமோ என்று கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தினர் வந்தால், புனிதவதியின் மீன் குழம்பை நடுவில் வைத்து ஒரு சிறு பிரசங்கம் நடக்கும். இது அசல் சால்மன், ட்ரவுட் என்றால் எனக்கு வாசலிலேயே மணக்கும் என்பது அதன் சாரம். நண்பர் அன்புராசா அப்போதெல்லாம் தலையைக் குனிந்து சாப்பிடுவார். புனிதவதி தண்ணீர் எடுக்க எழுந்து போவாள்.

இந்த வசந்தத்தில் புனிதவதிக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது. கடைக்குப் போவதும் சமைப்பதும் சச்சிதானந்தனின் தலையில் விழுந்தன. அவள் சாய்கதிரையில் காலை நீட்டியபடி சொல்லச் சொல்ல, அவர் பழப்புளியைக் கரைத்து, வெந்தயம் தாளித்து, தூள் போட்டு, குழம்பு கொதித்த பிறகு மீனைப் போட்டார். முதல் தடவை சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சால்மன். குழம்பின் மேல் எண்ணெய் ஏடு கட்டியது. அகப்பை பட்டவுடன் துண்டுகள் தடித்த இதழ்களாகக் கழன்று விழுந்தன. புளியும் உறைப்பும் வெளியே நின்றுவிட, மீன் தன் கொழுப்போடு உள்ளே தனிக்குடித்தனம் நடத்தியது. சால்மன் குறைந்த மீன் அல்ல. ஓவன் அடுப்பில் வாட்டி எலுமிச்சை பிழிந்தால் அந்தக் கொழுப்புத்தான் அதன் ருசி. யாழ்ப்பாணத்துப் புளிக் குழம்புக்குள் அந்தக் கொழுப்புக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். இது சச்சிதானந்தனுக்குத் தெரியாது. சால்மன் என்று சொல்லி ட்ரவுட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். புனிதவதி தனக்குப் பசியில்லை என்றாள்.

அடுத்த வாரம், அவள் எப்போதும் மீன் வாங்குகிற கிளிபோட்டின் கடைக்குத் தானே போவதாகக் கிளம்பினார். தான் போனில் சொல்லிவிடுவதாகவும், அவர் போய்ப் பையை மட்டும் எடுத்து வந்தால் போதும் என்றும் புனிதவதி மன்றாடாத குறையாகச் சொன்னாள். போனில் சொன்னால் கண்ட மீனையும் கட்டித் தந்துவிடுவான் என்று இவர் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் வாலை விரிக்கச் சொன்னது.

வாலில் புள்ளி இல்லாத அந்த மீனும் குழம்பில் அதையே செய்தது. சச்சிதானந்தன் முதல் வாயை மெதுவாக மென்றார். செவுள் சரி, வால் சரி, வரி சரி. மீன் மட்டும் பிழை. அப்படியென்றால், தன் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒரு கள்ளம் கிளிபோட்டின் கடையில் நடக்கிறது. ஒரு துண்டுத் தோலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைய வைத்தார். சாட்சியம் கெட்டுப்போகக் கூடாது.

ஞாயிறு காலை அந்தப் பையோடு கடைக்குப் போனார். கிளிபோட் உள்ளே பெரிய பலகையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஒப்பரேஷனுக்குச் சில மாதம் முன்புதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த லக்சிகா முன்னால் நின்றாள். இவர் உறைந்த தோலை மேசையில் வைத்து, இது எந்த மீன், தன் மனைவி புனிதவதிக்குக் கொடுக்கிற மீனை ஏன் தனக்குக் கொடுப்பதில்லை, ஆம்பிளை வந்தால் ஏமாற்றலாம் என்ற எண்ணமா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்.

லக்சிகாவின் முகம் மலர்ந்தது. “புனிதவதி அன்ரியின்ர ஹஸ்பண்டோ? அவ எப்பவும் ஸ்டீல்ஹெட் ட்ரவுட்தானே எடுக்கிறவ, அங்கிள். தோலோடை, வால் பக்கத் துண்டு. இப்ப வெட்டித் தரட்டோ?”

உள்ளே கத்திச் சத்தம் நின்றது. சச்சிதானந்தன் திரும்பிப் பார்த்தார். கிளிபோட் கண்ணைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றார். கள்ளம் பிடிபட்ட ஆளின் நிற்பு எப்படி இருக்கும் என்று சச்சிதானந்தனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இது கடைக்காரனின் கள்ளம் அல்ல என்பது அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

“எவ்வளவு காலமா?” என்றார்.

“கடை திறந்த காலத்திலை இருந்து” என்றார் கிளிபோட். “அன்ரியோடை கோவிக்காதேங்கோ.”

வெளியே வந்து காருக்குள் இருந்தார். காரை எடுக்கவில்லை. மீனைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. மழை என்று அவள் சொன்ன நாட்களில் எல்லாம் மழை பெய்ததா? அந்தக் குளிசைகள் என்ன குளிசைகள்? வன்கூவரில் இருக்கும் மகள் மயூரி போன் எடுத்து வைத்த பிறகு, முதலில் உங்களைத்தான் கேட்டவள் என்று புனிதவதி ஒவ்வொரு முறையும் சொல்வாள். மகள் உண்மையில் கேட்டாளா? கண்ணை மூடி இருந்த ஒரே இடத்திலும் இனி முழித்திருக்க வேண்டுமா என்று நினைத்தபோது, சச்சிதானந்தனுக்குப் பயமாக இருந்தது. கோபம் வந்திருந்தால் நல்லது. கோபம் வரவில்லை.

மறுபடி கடைக்குள் போனார். சால்மனில் ஒரு துண்டும் ஸ்டீல்ஹெட்டில் ஒரு துண்டும் வாங்கினார். வாலைக் காட்டச் சொல்லவில்லை.

வீட்டில் இரண்டு சட்டிகளை அடுப்பில் வைத்தார். ஏன் இரண்டு என்று புனிதவதி சாய்கதிரையில் இருந்து கேட்டாள். மீன் கூடிப்போச்சு என்றார். அதற்குப் பிறகு அவள் உப்புக்கும் புளிக்கும் அளவு சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரே புளி, ஒரே தூள், ஒரே நெருப்பு. ஒரு சட்டியில் எண்ணெய் மிதந்தது. மற்றதில் துண்டுகள் இறுகி, நறுவிசாக நின்றன.

புனிதவதி ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல வந்து மேசையில் இருந்தாள். சச்சிதானந்தன் சோற்றின் ஒரு பக்கம் ஒன்றையும் மறு பக்கம் மற்றதையும் விட்டுச் சாப்பிட்டார். சால்மன் நாக்கில் வழுவழுத்துக் கரைந்து, புளியைத் தள்ளிவிட்டுத் தானே பேசியது. ஸ்டீல்ஹெட்டின் சதை மெல்லிய மடிப்பு. கொழுப்பு அளவோடு இருந்ததால் புளியும் வெந்தயமும் மடிப்புக்கு மடிப்பு இறங்கியிருந்தன. சேற்று மணம் வருமா என்று மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். வரவில்லை. இத்தனை வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ஒரு வாயில் இருந்தன. மறுக்க அவருக்கு வழியில்லாமல் போனது.

“எது சால்மன்?” என்று கேட்டார். கட்டட வாசலில் அந்நியரைக் கேட்கிற குரல்.

அவள் தவறான சட்டியைக் காட்டியிருக்கலாம். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார், காட்டிவிடக் கூடாதே என்றும் தவித்தார். புனிதவதி எண்ணெய் மிதந்த சட்டியைத் தொட்டாள். பிறகு மற்றதைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இது ட்ரவுட். நான் இவ்வளவு காலமும் உங்களுக்குத் தந்தது இதுதான்.”

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

“முதல் தரம் கடையிலை சால்மன் முடிஞ்சு போச்சுது. கிளிபோட் இதைத் தந்தவர். சொல்லிப்போட்டுத்தான் வைக்கிறதெண்டு நினைச்சனான். அது உங்கட பக்டரி பூட்டின கிழமை. நீங்கள் ஒழுங்காச் சாப்பிட்டே எத்தினையோ நாள். அண்டைக்குச் சோத்துக் கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டிட்டு, இதுதானப்பா சால்மன் எண்டு சிரிச்சியள். அந்தச் சிரிப்பைப் பாத்துக்கொண்டு, இது ட்ரவுட் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

“பிறகு சொல்லியிருக்கலாமே.”

“பிறகு நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப்போட்டியள்.”

அன்புராசாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவரும் கிளிபோட்டிடம்தானே வாங்குகிறவர் என்றாள். சச்சிதானந்தனின் காது சிவந்தது. அத்தனை பிரசங்கங்களையும் அன்புராசா தலை குனிந்து கேட்டது மரியாதையால் அல்ல, சிரிப்பை அடக்கத்தான் என்று இப்போது விளங்கியது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே, வேலை போன அந்த வாரத்தில் தான் சிரித்ததை ஒருத்தி இவ்வளவு காலம் காவல் காத்திருக்கிறாள் என்பதும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

கடைசியாக, காருக்குள் இருந்து கொண்டுவந்த கேள்வி மிஞ்சியிருந்தது.

“வேறை என்ன மறைச்சனீர்?”

“வேறை ஒண்டுமில்லை” என்றாள் புனிதவதி.

சொல்வதற்கு முன் அவள் ஒரு மூச்சு தாமதித்தாள். கண் ஒருமுறை அவரை விட்டு விலகிப் போய்த் திரும்பியது. அப்படிப்பட்ட மூச்சுகளையும் கண்களையும் பிடிப்பதற்கே வருடக்கணக்காகச் சம்பளம் வாங்கியவர் சச்சிதானந்தன். இதுவும் அவருக்குத் தப்பவில்லை. அவர் பார்வையை மேசைக்குத் தாழ்த்திக்கொண்டு, தன் தட்டை அவள் பக்கம், ட்ரவுட் சட்டிக்கு நேரே நீட்டினார்.