பெரட்டுக்களத்தில் பாதியில் நின்ற நாடகம்

நாடகத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. கொழும்பில் பெயின்ட், ஹார்ட்வெயார் மொத்த வியாபாரம் செய்கிறேன். நடைபாதையில் தூரிகை விற்று ஆரம்பித்த ஆள். டிசம்பர் கடைசியில் ஹாலிஎலயிலிருந்து தர்ஷினி என்ற ஆசிரியை போன் எடுத்தார். ஏழு பேர் கொண்ட சின்ன நாடகக்குழு வைத்திருக்கிறாராம், தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் நடிக்கிறார்களாம், ஒலிபெருக்கி வாங்க உதவ முடியுமா என்றார். கொடுப்பதற்கு முன்னால் ஒருதடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையேற்றம். முதல் நாளே கிளம்பினேன்.

சனி காலை 5.30க்குக் கொழும்புக் கோட்டையில் பஸ். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளைக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர், கட்டணம் 1,020 ரூபா. ஹல்துமுல்லையில் தேநீருக்குப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பாதை ஓரத்தில் சரிந்த மண்ணை அள்ளிக் குவித்திருந்தார்கள், பஸ் ஊர்ந்துதான் போனது. பண்டாரவளையில் இறங்கிப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன். பதுளையில் இறங்கும்போது மூன்றேகால். பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலேயே அறை, 4,500 ரூபா. சுடுதண்ணீர் வரும் என்றார்கள். வரவில்லை.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு ஓட்டோ. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பாதையில் பன்னிரண்டு கிலோமீற்றர், காத்திருந்து திரும்பக் கூட்டிவர 3,500 பேசினேன். தோட்டத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஏன் என்பது படித்தால் விளங்கும். ஓட்டோக்காரர் கமலன் வழி முழுக்க என்னைக் கிண்டல் செய்தபடி வந்தார்.

“மொதலாளி, நாடகம் பாக்கவா கொழும்புலேர்ந்து வந்தீங்க? அங்க டிவி இல்லீங்களா?”

“இது சும்மா காட்டுறாங்களாம்.”

“அப்ப சரி. நம்ம ஆளுங்க நாய்க்குட்டியையும் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க.”

உண்மைதான். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக்களத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கொட்டகைதான் மேடை. பின்னால் ஒரு வெள்ளைத் துணி, அதுதான் லயத்துக் காம்பராவின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறையின் சுவர். அதில் கரியால் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு வரைந்திருந்தார்கள். மூன்று மணிக்குத் தொடங்கியது.

கதை சிக்கலில்லாதது. மலையடிவாரத்தில் ஒரு காம்பரா, சுவர் வெடிக்கிறது. அப்பா மறைக்கச் சொல்கிறார், மகள் அதிகாரிக்கு அறிவிக்கிறாள். மண்சரிவு பார்க்கிற அதிகாரி வருகிறார், மூன்று மாதத்தில் புது வீடு கிடைக்கிறது. நாற்பது நிமிடம். நடிப்பு மோசமில்லை. அதிகாரியாக வந்தவர் ஹாலிஎலயில் பேக்கரி வேலை செய்பவராம், தொப்பியோடு கம்பீரமாக இருந்தார். நான் மனதுக்குள் ஒலிபெருக்கிக்கு ஆம் சொல்லிவிட்டேன்.

முடிந்ததும் தர்ஷினி முன்னால் வந்தார். “இப்ப கதைய நீங்க மாத்தலாம். இந்தக் குடும்பத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க? மேல வந்து செஞ்சு காட்டுங்க.” இந்தக் குழுவின் வழக்கமே இதுதானாம். நடிகர் விலகுவார், பார்க்க வந்தவர் அவர் இடத்தில் நிற்பார்.

முதலில் ஒருவர் ஏறி அப்பா இடத்தில் உட்கார்ந்தார். “அடியே, செவரு விழறதுக்கு முந்தி ஒரு பிளேன்டி ஊத்து!”

“ஊத்துறேன், நீ போயி கொழுந்து எடுத்துட்டு வா!” என்று கூட்டத்திலிருந்து அவர் மனைவியே கத்தினார். களமே சிரித்தது.

அடுத்து ஏறியவர் புஷ்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்து எடுப்பவர். அம்மா இடத்துக்கு வந்தவர், வசனம் ஒன்றும் பேசாமல் கொட்டகைத் தூணில் தொங்கிய கலண்டரைக் கழற்றினார். கரி வெடிப்பை மறைத்து அதைத் துணியில் குத்தினார். பெஞ்சை இழுத்து அதன் கீழே போட்டார். பிறகு அதிகாரி நடிகரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“வாங்கய்யா, வாங்க. தேத்தண்ணி குடிங்க. வெடிப்பா? நம்ம காம்பராவுலயா? அதெல்லாம் இல்லீங்க. சாமி படம் போட்ட கலண்டரு, நாள் பாக்க மாட்டியிருக்கோம்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். சிரிப்பு அடங்கும்போதுதான் பார்த்தேன், பின்வரிசையில் கொஞ்சப் பேர் சிரிக்கவே இல்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் எழும்பி நின்றிருந்தார்.

“புஷ்பம், போதும். எறங்கு.”

“எறங்க மாட்டேன் தலைவரே. போன மாசம் ஆபிசர் வந்தப்ப இப்படித்தானே மாட்டுனோம்? நம்ம மூணு காம்பராவுலயும்?”

இது நாடகம் இல்லை.

“ஒனக்குப் பைத்தியமா?” என்று ஒரு பெண் எழும்பினார். “இங்க இருக்கக் கூடாதுன்னு செவப்பு அடிச்சுட்டுப் போனா எங்க போறது? மேல் பிரிவு ஆளுங்க ரெண்டு வருசமா கூடாரத்துல கெடக்குறது கண்ணுக்குத் தெரியலயா?”

“தெரியுது. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரியிலேர்ந்து எம் மவ புள்ளையோட வர்றா. படுக்க அந்தச் செவத்தோரந்தான் எடம் இருக்கு. பச்சப் புள்ளைய நான் எங்க போடுவேன், நீயே சொல்லு!”

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

சுவர் என் தொழில். “அம்மா, நான் பாக்கலாமா?” என்று கேட்டேன். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே முன்னால் நடந்தார். ஐந்து நிமிட ஏற்றம். ஆறு காம்பராக்கள் கொண்ட பழைய லயம், பின்னால் நேராக மலை.

“மழ பேஞ்சா ராவெல்லாம் எந்திரிச்சு இதத்தான் பாப்பேன்,” என்று புஷ்பம் கலண்டரைத் தூக்கினார். என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அந்தப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வந்து விரலில் பட்டது. வெடிப்பின் ஓரத்தில் ஓட்டை அடைக்கிற பட்டி பூசியிருந்தார்கள், ஒன்றின்மேல் ஒன்றாக நாலு பூச்சு, நாலும் பிளந்திருந்தன. மூலையில் காலி டின். நான் இறக்கி விற்கிற சாமான். ஊவாப் பக்கம் இது ஏன் இப்படி ஓடுகிறது என்று நானே யோசித்திருக்கிறேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வெடிப்பு சுவரோடு நிற்கவில்லை. சிமெந்துத் தரையைக் கடந்து வாசல் வரை ஓடியது. கதவை இரண்டு முறை சீவியும் பூட்ட வரவில்லை. பின்பக்கம் தண்ணீர் ஓடுகிற கான் கோணலாக வளைந்திருந்தது.

“தலைவரே, பூச்சு வெடிச்சா மேலோட நிக்கும். இது அத்திவாரத்தோட போகுது. நிலம் நகருது.”

“தெரியும் மொதலாளி,” என்றார் மெதுவாக. “ரெண்டாவது காம்பரா என்னோடது.”

முப்பது வருட வியாபாரத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கள் தலைமேல் விழப்போவதைத் தாங்களே இப்படிப் பத்திரமாக மறைத்து வைத்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

களத்துக்குத் திரும்பினால் ஒருவரும் கலையவில்லை. அதிகாரி நடிகர் தொப்பியோடு அதே இடத்தில் நின்றார். தலைவர் நேராக மேடை ஏறி அவர் முன்னால் நின்றார்.

“சரிங்கய்யா. வெடிப்பக் காட்டிட்டோம். நாங்க எங்க போறது?”

மூன்று மாதத்தில் புது வீடு என்பதுதான் அவருக்கு எழுதிக்கொடுத்த பதில். வாயைத் திறந்தார், சொல்ல முடியவில்லை. தர்ஷினியைப் பார்த்தார். தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்துப் பேசியதும் புஷ்பம்தான். “வீட்டப் பொறகு கேப்போம். இன்னைக்கு எங்க படுக்குறது?”

தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்கிற பிள்ளைக்காம்பராவைப் பார்க்கிற அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். “இது எங்கிட்டத்தான் இருக்கு. தோட்டத்துத் தொர கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

நாலரையிலிருந்து ஆறு மணிவரை மூன்று குடும்பத்துச் சாமானையும் சுமந்தோம். ஏழு நடிகர்கள், கமலன், நான், பாதிக் கூட்டம். மீதிப் பாதி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. அவர்களிலும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, கூடாரத்தை நானும் வரும் வழியில் பார்த்தேன். தர்ஷினி அங்கேயே உட்கார்ந்து முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார். முதல் கையெழுத்துத் தலைவருடையது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பதுளையில் தங்கினால் ஓட்டோவுக்குத் திரும்பும் பணத்தையும் முதலே பேசிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குப் பிறகு பனி இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும். மழை நாளில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்காமல் ஏறவேண்டாம். லயங்களை ஓட்டோவிலிருந்து அழகாகப் படமெடுக்கலாம். நான் எடுத்தவற்றை அழித்துவிட்டேன். ஒலிபெருக்கி அனுப்பியாயிற்று, என் கடைப் பெயரைத் தொங்கவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். குழு அடுத்து ஹல்துமுல்லைப் பக்கம் போகிறது. புது வீட்டுக் காட்சியைத் தூக்கிவிட்டார்களாம். “எங்க போறது?” என்ற கேள்வியோடு நாடகம் நிற்கிறது. முடிந்துவிட்டது என்று கைதட்டி எழும்பிவிடாதீர்கள்.

வியாழக்கிழமை புஷ்பத்துக்குப் போன் எடுத்தேன். அதிகாரிகள் வந்து ஆறு காம்பராவுக்கும் சிவப்பு அடித்துவிட்டார்களாம். வீடு எப்போது என்று யாருக்கும் தெரியாது. லயத்தில் பாதிப் பேர் அவருடன் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளைக்காம்பராவில் பதினொரு பேர் வரிசையாகப் படுக்கிறார்கள், குழந்தையோடு பன்னிரண்டு.

“வெடிப்பக் காட்டினதுக்கு வருத்தமா இருக்கா?” என்று கேட்டேன்.

“நேத்து விடிய விடிய மழைங்க மொதலாளி,” என்றார். “நான் எந்திரிக்கவே இல்ல.”