பூட்டாத பூட்டு

ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே, இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றும் கூலண்ட் எண்ணெயின் வாடை, புளித்த மோரில் இரும்பை ஊறப் போட்ட மாதிரி. அவ்வளவுதான், ஜெசிந்தாவின் ஞாபகம் வந்தது, பின்னாலேயே கோபமும். வயது ஏறினால் கோபம் தணியும் என்பவர்கள் யாரும் ப்ரோகிராம் எழுதிப் பிழைத்தவர்கள் இல்லை போலும்.

அப்போது, சோதனை மெஷின் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். ஒரு தொழிற்சாலையில் பம்ப் தயாரிக்கும் லைனில் எங்கள் மெஷின். இரண்டு மேடை, ஒரே நேரத்தில் இரண்டு சோதனை. நல்லது பச்சைப் பெட்டிக்கு, கெட்டது சிவப்புக்கு. எடுத்துப் போடுகிறவள் ஜெசிந்தா. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறை. வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தாள்.

திடீரென்று கெட்ட பம்புகள் பச்சைப் பெட்டியில் வர ஆரம்பித்தன.

"இன்னாம்மா, தூங்கிகினே போடறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஸ்க்ரீன்ல என்ன காட்டுதோ அதத்தான் போடுதேன் சார்."

"போடுதியா?" என்று அவள் பேச்சையே பேசிக்காட்டினார். "அப்ப மெஷினு பொய் சொல்து, இன்னா?"

லைனே சிரித்தது.

மெஷின் பொய்தான் சொன்னது. மேடைக்கு ஒரு த்ரெட். ப்ரோகிராமுக்குள் தனித்தனியே ஓடும் வேலைகள். இரண்டும் முடிவை எழுதும் இடம் ஒன்றே. ஒன்று எழுதும்போது மற்றது காத்திருக்க ஒரு பூட்டு, அதாவது ஒரு ஃபங்ஷன். பூட்டாவிட்டால் ஒரு மேடையின் முடிவு மற்றதன் பெயரில் ஸ்க்ரீனில் வந்துவிடும். அந்தக் கால சிஸ்டத்தில் அதே பெயரில் இரண்டு உண்டு. லைப்ரரி என்பது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு; த்ரெட் லைப்ரரியில் இருப்பது நிஜம். அடிப்படை லைப்ரரியில் இருப்பது வெறும் கூடு. "பூட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். எந்த லைப்ரரி முந்துகிறதோ அதிலிருப்பதுதான் மாட்டிக்கொள்ளும். பெயர் பொருந்தினால் போதும், உள்ளே எதுவும் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் தொடக்க ஃபைல் த்ரெட் லைப்ரரியைத்தான் முதலில் ஏற்றும். ஆனால் மெஷினுக்குக் கேமரா கொடுத்த கம்பெனிக்காரன் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிவிட்டுத் தன் ஃபைலை வைப்பான்; அதில் அடிப்படை லைப்ரரிதான் முதலில். ஒருவரிடம் ஒருவர் சொல்வதில்லை. கடைசியாக வந்துபோனவன் வைத்ததே சட்டம்.

பூட்டு எந்த லைப்ரரியிலிருந்து வருகிறது என்று ப்ரோகிராமையே சொல்லவைத்துப் பார்த்தேன். வெறும் கூடு. கேமராக்காரனை போனில் பிடித்துக் கத்தினேன்.

"எங்க சைடு ஓகே பாஸ். படம் வருதுல்ல?"

ஃபைலைச் சரிசெய்துவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினேன். "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, கூப்பிடுங்க."

"அவள அன்னிக்கே அனுப்ச்சாச்சு சார். காண்ட்ராக்ட்காரன் வேற ஆள் குட்த்துட்டான். லைனு ஓடுதுல்ல, வுடுங்க."

படம் வருகிறது, லைன் ஓடுகிறது. வேறென்ன வேண்டும் இவர்களுக்கு? லைன் பதிவேட்டில் ஜெசிந்தா பெயருக்கு எதிரே ஆபரேட்டர் தவறு என்று எழுதியிருந்ததை யாரும் அடிக்கவில்லை. நான் போட்ட சத்தத்துக்கு ஒரு டீ வரவழைத்தார்கள்.

அந்த லைன் இன்று இல்லை. ஷெட்டில் யாருடைய சரக்கோ அடுக்கியிருக்கிறது. புதிய சிஸ்டங்களில் இரண்டு லைப்ரரியையும் ஒன்றாக்கி, அந்த வெறும் கூட்டையும் எடுத்துவிட்டார்கள். வீம்புக்கு ஒருநாள் உட்கார்ந்து அந்தப் பிழையை மறுபடி வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை. ஜெசிந்தா சரியாகத்தான் போட்டாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பிழைதான்.