சந்தனம் உதிர்த்த எத்திராஜ் சார்

இன்று ஞாயிறு காலை, பெருங்களத்தூரில் எங்கள் தெரு விழிக்கும் முன்பே அம்சா அக்கா வந்துவிட்டார். "எத்திராஜ் சார் தூக்கத்துலயே போய்ட்டாரும்மா." மாதக்கணக்காக மூச்சுத் திணறித் தவித்தவர் அவர். "ஆஸ்பத்திரில ஒயரோட கெடக்க வெச்சிடாதீங்க" என்று வீட்டாரிடம் கெஞ்சியவர். அழுகைக்கு நடுவே எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

எங்கள் தெருக்காரரான அவர், மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். அம்சா அக்கா நான் படிக்கும் பள்ளியில் கணினி அறையின் உதவியாளர். போன ஆயுத பூஜைக்கு அக்கா கணினிகளின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த பச்சைப் பலகைகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். வெளியே மட்டும் வைத்தால் பூஜை அரைகுறை என்று நினைத்தாராம். விடுமுறை முடிந்து வந்தபோது ஒன்றுகூட இயங்கவில்லை.

"இதெல்லாம் ஓடலன்னா நீ வேலைக்கு வர வேணாம்" என்றார் அக்காவிடம் தலைமையாசிரியை.

நான் ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தொழிற்சாலையில் அனுமதி வாங்கி, வார்ப்பு அச்சுகளைச் சுத்தம் செய்யும் உலர்பனி இயந்திரத்தை டெம்போவில் கொண்டுவந்தார். உலர்பனி என்ற சொல் எங்கள் பள்ளி அகராதியில் இல்லை. கரியமில வாயுவை உறையவைத்துச் செய்த, அரிசிபோன்ற அந்த வெண்மணிகள் காற்றோடு பாய்ந்து அழுக்கை உரித்தெடுக்கும்.

"ஐஸ்னா நனையாதா சார்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"இது உருகாது டீச்சர், ஆவியாப் பூடும். ஜன்னலத் தொறங்க, நமக்கும் மூச்சு வேணும்ல?"

காற்றை மட்டாக வைத்து, பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் அடித்தார். காய்ந்த சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்தது. அம்சா அக்கா ஸ்விட்சை நோக்கி ஓடினார்.

"இரும்மா! இன்னும் சில்லுனு கீது. இப்ப போட்டா வேர்த்துகினு ஷார்ட் ஆயிடும்."

பலகைகள் அறைச் சூட்டுக்கு வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அக்காவின் உதடுகள் எதையோ முணுமுணுத்தபடி இருந்தன. கடைசியில் சார் தலையசைத்தார். 'பீப்' என்றது முதல் கணினி. அடுத்தடுத்து எல்லாத் திரைகளும் ஒளிர்ந்தன. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வருசமும் நல்லா கும்பிடு. ஆனா பொட்ட நெத்தில வெய்யி, கொடல்ல வெக்காத" என்றார் சார். தலைமையாசிரியைகூடச் சிரித்துவிட்டார்.

இன்று, சாரின் தலைமாட்டில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அவர் மனைவி, "நீயே வெய்யி அம்சா" என்றார். அக்கா நெற்றியில் மட்டும், சிறியதாக ஒரு பொட்டு வைத்தார். சாரின் முகத்தில் வலியின் சுவடே இல்லை.

போய் வாருங்கள் சார். நாளைக் காலையும் அக்காதான் கணினி அறையைத் திறப்பார்.