சாமுண்டீஸ்வரி வளைத்த வில்

சாமுண்டீஸ்வரி எதற்கும் அஞ்சாதவள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். வேப்பம்பட்டில் காலை ரயிலை விட்டுவிடுவோமோ என்று பயப்படுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் முறைத்தால் பயப்படுவாள். ஆனால் தன் கை செய்த வேலைக்கு இன்னொருத்தர் பெயர் போட்டுக்கொண்டால் மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க ஊரார் நிலத்தில் நட்டார்கள், அறுத்தார்கள். விளைச்சல் என்னவோ எப்போதும் நிலக்காரர் விளைச்சல்தான்.

அவளுக்கு வேலை இன்ஸ்பெக்‌ஷனில். கடைசலிலிருந்து வரும் இரும்பு பின்களை அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு பெயிண்ட் வைத்து ஒதுக்குவாள். பன்னிரண்டு வருஷம் அதையே செய்ததில் கண்ணும் அப்படியே ஆகிவிட்டது.

தொண்ணூற்றொன்றில் திரௌபதி அம்மன் திருவிழாவில் ஊர் மானம் போயிற்று. பாரதம் படித்து, அம்மன் கல்யாணத்தன்று அர்ச்சுனன் வேஷக்காரர் நாண் கட்டிய வில்லை இழுத்து வளைப்பது வழக்கம். அந்த வருஷம் ஜிகினா ஒட்டிய மூங்கில் பிளாச்சு அவர் கையில் இரண்டாக வந்தது. ஊரே சிரித்தது. அடுத்த ஊர்க் கூட்டத்தில் தர்மகர்த்தா பரந்தாமன், நிஜமான வில் யார் செய்வது என்று கேட்டார்.

“நான் செய்றேன் நைனா,” என்றாள் பெண்கள் பக்கமிருந்து சாமுண்டீஸ்வரி.

“இன்னாம்மா, மொறம் பின்றதுன்னு நெனச்சுகினியா?” என்றார் அவர்.

“மொறம் பின்னத் தெரியாது. வில்லும் தெரியாது. கத்துக்கறேன்.”

கூலிக்காரர் குடியிருக்கும் மேட்டுத் தெருக்காரி, அதிலும் பொம்பளை. வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள்.

இடித்த ஓட்டு வீட்டின் கூரையிலிருந்து வந்த பனைவாரை ஒன்றை அவள் புருஷன் உத்தமன் தோளில் சுமந்து வந்து போட்டான். இரவல் இழைப்புளி, ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிப் பழக்கம். கைப்பிடிக்கு மேலும் கீழும் ஜாணுக்கு ஜாண் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, வில்லின் இரண்டு கையும் ஒரே கனம் வரும்வரை சீவினாள். அளவில் அப்பழுக்கு இல்லை. நாண் கட்டி இழுத்தாள். மேல்கை உலக்கையாக நின்றது, கீழ்கை மட்டும் மடங்கிப் படாரென்று போயிற்று. இரண்டாவதை இன்னும் கவனமாக அளந்தாள். அது இன்னும் சீக்கிரம் ஒடிந்தது. மூன்றாவதன் சிராய் பறந்து உதட்டைக் கிழித்தது.

“உட்டுடேன்மே. ஜிகினா ஒட்டியே குடுத்துடலாம்,” என்றான் உத்தமன்.

“அத்த ஒட்ட வேற ஆளைப் பாரு.”

ஒடிந்த மூன்றையும் மடியில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். மூன்றும் ஒரே மாதிரி இடத்தில்தான் ஒடிந்திருந்தன. பனையின் கறுப்பு நார் நெளிந்து ஓடிய இடத்தில், அளவு வரவேண்டுமே என்று அவளே அதைக் குறுக்கே அறுத்திருந்தாள். இரும்பு எங்கே வெட்டினாலும் இரும்பு. மரம் அப்படி இல்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. வெர்னியரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

நாலாவது வில்லின் முதுகில், அதாவது வெளிப்பக்கம், நாரை அறுக்காமல் அது போன போக்கிலேயே விட்டாள். வளைவு பார்க்கச் சுவரில் கரிக்கோடு இழுத்து, கைப்பிடியை ஆணியில் மாட்டி, நாணில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டாள். எட்ட நின்று எந்தக் கை முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்பாள். உடைந்த கண்ணாடித் துண்டால் நாணைப் பார்த்த வயிற்றுப் பக்கம் அந்தக் கையை மட்டும் சுரண்டுவாள். மறுபடி வாளி, மறுபடி பார்வை. மாசியில் தொடங்கியது பங்குனி கடைசியில் முடிந்தது. மேல்கை ஒரு கனம், கீழ்கை ஒரு கனம். கம்பெனியில் என்றால் அவளே சிவப்பு வைத்திருப்பாள். இழுத்தால் இரண்டும் ஒன்றாக வளைந்தன. சந்தோஷத்தில் அழுதாள், அதை உத்தமன் பார்த்ததில் வெட்கப்பட்டாள்.

சித்திரையில் கல்யாண நாள், வெயில் சாயும் நேரம். கற்றாழை நார் நாணை அவளே ஏற்றி, கோயில் முன் விரித்த துணியில் வில்லை வைத்தாள். பாரதக்காரர், வில்லைத் தொட்டு ராஜாக்கள் வரிசையாகத் தோற்ற கதையைப் படித்து முடித்தார். அர்ச்சுனன் வேஷக்காரர் திருவேங்கடம் கிரீடத்தோடு எழுந்தார். அப்போது மைக் சொன்னது: “வில் உபயம், பரந்தாமன் வகையறா.”

சாமுண்டீஸ்வரி எழுந்து கூட்டத்தைத் தாண்டி நடந்தாள். வில்லை எடுத்தாள், காலைக் கொடுத்து அழுத்தி நாணை ஒரு பக்கம் கழற்றினாள். கழியாகிப்போனதைத் துணியில் திரும்ப வைத்தாள்.

“உபயம் குடுத்தவங்களே நாணை மாட்டட்டும்.”

கதைப்படி நாணேற்றுவது அர்ச்சுனன் வேலைதானே என்று திருவேங்கடம் நெஞ்சில் அணைத்து முக்கினார். கிரீடம்தான் சரிந்தது. பரந்தாமனின் தம்பி வந்தார், மச்சான் வந்தார். பாரதக்காரர் இப்போதுதான் படித்தது கண்ணெதிரே நடக்க, ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“சாமி காரியத்துல இன்னாம்மா அடம்?” என்றார் பரந்தாமன்.

“சாமி காரியமாச்சேன்னுதான் சொல்றேன் நைனா. பொய் சொல்லக்கூடாது. செஞ்சது யாருன்னு மைக்ல சொல்லுங்க.”

அவர் மைக்கை வாங்கினார். குரல் இறங்கியிருந்தது. “வில் செய்தது, உத்தமன் சம்சாரம்.”

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து உத்தமனின் குரல் வந்தது.

“என் பேரு வேணாம் நைனா. வாரை தூக்கியாந்ததோட என் வேல முடிஞ்சிது. செஞ்சவளுக்குன்னு ஒரு பேரு கீது.”

பிறகு, “மேட்டுத் தெரு சாமுண்டீஸ்வரி,” என்றார் பரந்தாமன்.

அவள் புடவையை வரிந்து செருகினாள். கீழ்முனையை இடது கணுக்காலில் சாய்த்து, வலது காலை வில்லுக்கும் நாணுக்கும் நடுவே நுழைத்து, தொடையில் வைத்து ஒரே அழுத்து. நாண் ஏறியது. வில்லைத் துணியில் வைக்காமல் திருவேங்கடத்தின் கையிலேயே நேராகக் கொடுத்தாள்.

“பயப்படாம இழுங்க,” என்றாள். “இது ஒடியாது.”